தண்ணீரில் போடும் முன் தாளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் தபால் தலை சேகரிப்பு பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். பிள்ளைகளுக்காக எழுதியது, படிக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதில் சொன்ன இரண்டு யோசனைகளை என்னால் விட்டுவிட முடியவில்லை. உறையில் ஒட்டியிருக்கும் தலைகளை மொத்தமாக வெந்நீரில் போட்டுப் பிரித்தெடுங்கள் என்பது ஒன்று. ஒரே படம் இரண்டு இருந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்பது இன்னொன்று. முப்பது வருஷமாக இதிலேயே கிடக்கிறேன், இரண்டும் தப்பு.

முதலில் தண்ணீர். பழைய காலத்தில் முத்திரையை அழித்துவிட்டு அதே தலையை மறுபடி ஒட்டுகிறவர்கள் இருந்தார்கள், அதைத் தடுக்க, தண்ணீர் பட்டாலே கரைகிற மையில் வேண்டுமென்றே அச்சடித்தார்கள். பிரிட்டனில் 1883, 1884-ல் வந்த பச்சை, இளம் ஊதாத் தலைகள் அந்த ரகம். அதில் ஒரு பச்சையை நான் ஊறப்போட்டேன். பத்து நிமிஷம் கழித்து இடுக்கியால் எடுத்தால் விக்டோரியா ராணியின் முகம் வெளிறிப்போய், பச்சை இருந்த இடத்தில் மஞ்சள் பூத்த ஒரு நிறம். போன நிறம் போனதுதான், திரும்பி வராது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தலை என்றால், அதுவும் பச்சையோ ஊதாவோ என்றால், சுற்றியுள்ள உறைத்தாளோடு சேர்த்து வெட்டி அப்படியே வைத்துக்கொள்வது நல்லது. முத்திரையில் தேதி தெளிவாக இருந்தால் உறையையே வெட்டாதீர்கள், எந்தத் தடவை அச்சடித்த தலை என்று பின்னால் கண்டுபிடிக்க அந்தத் தேதிதான் உதவும்.

அடுத்தது டூப்ளிகேட். எலிசபெத் ராணியின் இளவயதுப் படம் போட்ட பிரிட்டிஷ் தலைகள் 1952-லிருந்து பல வருஷம் வந்தன, உலகம் முழுக்கக் கொட்டிக் கிடக்கின்றன. முன்பக்கம் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். ஆனால் 1955-ல் தாளில் இருக்கும் நீர்க்குறிக் கிரீடம் (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள்ளே மங்கலாகத் தெரியும் அடையாளம்) மாறியது, 1958-ல் மறுபடி மாறியது. நடுவில் 1957-ல், இயந்திரம் கடிதங்களை வகை பிரிப்பதற்காக, சில தலைகளின் பின்பக்கம் கறுப்புக் கோடுகள் போட்டார்கள். படம் ஒன்று, தலை நாலு. இதில் எதை டூப்ளிகேட் என்று கொடுத்துவிடுவது?

தாளைப் பார்க்க முதல் வேலை, வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பது. சிலவற்றில் நெருக்கமாக இணைகோடுகள் தெரியும், அது லெய்டு தாள், தாள் செய்த அச்சின் கம்பிகள் விட்ட தடம். சாதாரணத் தாளில் அந்தக் கோடுகள் இருக்காது. சில தாள்களில் சிவப்பும் நீலமுமாகப் பட்டு இழைத் துணுக்குகள் கிடக்கும், பழைய சுவிட்சர்லாந்துத் தலைகளில் இதைப் பார்க்கலாம். சுண்ணப்பூச்சுத் தாள் 1905 வாக்கில் பரவலாக வந்தது, முத்திரையைத் துடைத்தால் படமும் சேர்ந்து வந்துவிடும் என்பதுதான் அதன் சூட்சுமம். அதைக் கண்டுபிடிக்க, ஓரத்தில் வெள்ளிக் கம்பியை லேசாக வைத்தால் பென்சில் போலக் கோடு விழும். அந்தக் கோடு அழியாது, அதனால் தலைக்கு ஒரு முறைக்கு மேல் செய்யாதீர்கள், படத்தின் மேல் செய்யவே செய்யாதீர்கள்.

1950-களுக்குப் பிறகு வந்த பல தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருக்கிறது, புற ஊதா விளக்கில் பளிச்சென்று நீலவெள்ளையாகத் தெரியும். இதிலும் ஊறவைப்பது வம்பு செய்யும்: வெள்ளை உறையிலிருந்து கரைந்த ரசாயனம் பக்கத்தில் கிடக்கும் சாதாரணத் தலையில் ஏறி, அதையும் மினுங்க வைத்துவிடும். அப்புறம் அபூர்வ ரகம் கிடைத்துவிட்டது என்று ஏமாற வேண்டியதுதான்.

தாள் என்றால் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது லாட்வியா. 1918-ல் நாடு பிறந்தபோது தாளுக்குப் பஞ்சம், விட்டுப்போன ஜெர்மன் ராணுவ வரைபடங்களின் பின்பக்கத்தில் முதல் தபால் தலையை அச்சடித்தார்கள். திருப்பிப் பார்த்தால் ஒரு சாலை, ஓர் ஊர்ப்பெயரின் பாதி. முன்பக்கத்தை மட்டும் பார்த்து ஆல்பத்தில் ஒட்டியவருக்கு இது தெரியவே தெரியாது.

அச்சு முறையைப் பார்க்கப் பத்து மடங்கு லென்ஸ் போதும். எழுத்தின் விளிம்பு ரம்பப்பல் மாதிரி இருந்தால் கிராவியூர், அதாவது நுண்ணிய குழிகளில் மை நிரப்பி அடிப்பது. படம் புள்ளிப் புள்ளியாக இருந்தும் எழுத்து மட்டும் வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் ஆஃப்செட், அதாவது தகட்டின் மையை ரப்பர் பரப்புக்கு மாற்றி அங்கிருந்து தாளில் பதிப்பது. கோட்டின் ஓரத்தில் மை பிதுங்கிக் கரை கட்டியிருந்தால், பின்பக்கம் எழுத்து அழுந்திய தடமும் இருந்தால், மேட்டச்சு, அதாவது மேடான பாகத்தில் மை தடவித் தாளில் அழுத்துவது. செதுக்கிய தகட்டில் அச்சடித்தது என்றால் மை தாளுக்கு மேலே நிற்கும். பயன்படுத்திய தலை ஒன்றின் மேல் மெல்லிய அலுமினியத் தாளை வைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள், கோடு கோடாகப் படம் அதில் எழும்பி வரும். முதல் தடவை அதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

வாஷிங்டன், ஃபிராங்க்ளின் படம் போட்ட அமெரிக்கத் தலைகளில் (1908 முதல் 1922 வரை) இது முழுப் படிப்பே. தட்டையான தகட்டில் அடித்தது உண்டு, சுழலும் உருளையில் அடித்தது உண்டு, போர்க்காலத்தில் 1918 முதல் ஆஃப்செட்டில் அடித்ததும் உண்டு. உருளைக்காகத் தகட்டை வளைக்கும்போது படம் ஒரு பக்கமாக அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய நீண்டுவிடும். கிழிந்த தட்டைத்தகட்டுத் தலை ஒன்றை 'ட' வடிவில் படத்தின் ஓரத்தோடு வெட்டி, சந்தேகமான தலையின் மேல் வைத்தால் போதும், நீண்டிருப்பது வெளியே எட்டிப் பார்க்கும். ஸ்கேல்கூட வேண்டாம்.

அடுத்த இணைப்பில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது போடுங்கள்: பழைய தலைகளைத் தண்ணீரில் போட வேண்டாம், ஒரே மாதிரி இருப்பவற்றைப் பிரித்துப் பார்க்கும் வரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத் தாத்தாவின் பழைய கடிதக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, வெந்நீருக்காகக் காத்திருக்கும் பிள்ளை எங்கேயாவது இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்