விறகு காயவைக்க வலை கட்டித் தந்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

மண்சரிவில் நடந்ததை மறுபடி எழுதப்போவதில்லை. உங்கள் எல்லோருக்கும் தெரியும், எழுத எனக்கும் மனம் வரவில்லை. மேல் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) ஆட்கள் இன்னும் பாடசாலைக் கட்டடத்தில்தான் இருக்கிறோம். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள்.

இருட்டில் மண்வெட்டி தேடாமல் வெறுங்கையால் மண் அள்ளிய பக்கத்துத் தோட்டத்துத் தம்பிமார், சோற்றுப் பார்சல் கட்டி அனுப்பிய கீழ்க் கிராமத்துச் சிங்களக் குடும்பங்கள், பன்சலை (பௌத்த விகாரை) மண்டபத்தைத் திறந்துவிட்ட ஹாமதுரு (பிக்கு), டவுன் பள்ளிவாசலிலிருந்து அரிசியும் பருப்பும் தோளில் சுமந்து வந்தவர்கள், பாதை உடைந்த இடத்தில் மூட்டைகளைக் கைமாற்றி ஏற்றியவர்கள், எங்கள் மாடுகளுக்கு யாரும் கேட்காமலே புல் அறுத்துப் போட்ட அண்ணன்மார், ஆசிரியர்கள், கிராம சேவகர் என்று எல்லோருக்கும் நன்றி. பெயர் பெயராக எழுதினால் யாரையாவது விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல விடுங்கள்.

செங்கலடி–பதுளை வீதியால் மட்டக்களப்புக் கரையோரத்திலிருந்து ஒரு லொறி வந்தது. கருவாடு, தேங்காய், போத்தல் தண்ணீர், உடுப்பு எல்லாம் கொண்டுவந்தார்கள். கூடவே ஓர் அக்கா வந்தார். கரைவலை இழுக்கும் குடும்பம், கருவாடு காயவைப்பதுதான் அவருடைய வேலை. மற்றவர்கள் சாமான் இறக்கிப் பெயர் எழுதிக்கொண்டிருக்க, அவர் நேரே எங்கள் அடுப்படிக்கு வந்தார்.

அடுப்படி என்றால், பாடசாலைக்குப் பின்னால் கம்பு நட்டுத் தறப்பாள் கட்டிய இடம். உண்மையைச் சொன்னால், அப்போது எங்களிடம் அரிசி இருந்தது. அதை வேகவைக்க விறகுதான் இல்லை. வெளியிலிருந்து வருகிறவர்கள் இதை யோசிப்பதில்லை, அவர்கள் மேல் தப்பும் இல்லை. லயத்தில் அடுப்புக்கு மேலே பரணில் கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியில் வெட்டிக் கழித்த குச்சிகள், அடுக்கி வைத்திருப்போம். அடுப்புச் சூட்டிலும் புகையிலும் அது தானாகக் காய்ந்துவிடும். மழைக்காலம் முழுக்க எரிப்பது அதுதான். எல்லாம் லயத்தோடு போய்விட்டது. மலையில் கிடந்த மிலாறும் சவுக்குக் கொப்புகளும் ஊறிப்போய்க் கிடந்தன. காலை 10 மணிக்குத்தான் பனி விலகும், பின்னேரம் மறுபடி மூடிவிடும். ஊதி ஊதிக் கண் எரிந்ததுதான் மிச்சம். கைக்குழந்தைக்குச் சுடுதண்ணி வைப்பதே பெரிய பாடு. என் மாமிக்கு இழுப்பு இருக்கிறது. புகை தாங்காமல் மழைத் தூறலில் போய் நின்றுகொள்வார்.

அக்கா ஒரு மிலாறை எடுத்து முறித்துப் பார்த்தார். அது முறியவில்லை, வளைந்தது. "வாடைக் காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது புள்ள?" என்று கேட்டார். கையைக் காட்டினேன். லொறியில் மூட்டைகளை மூடிக் கட்டியிருந்த பழைய வலையை அவிழ்த்துக்கொண்டு வந்தார். ஒரு துண்டை அடுப்புக்கு மேலே, தீ எட்டாத உயரத்தில் தொய்யாமல் இழுத்துக் கட்டினார். இன்னொரு துண்டைக் கட்டடத் தாழ்வாரத்தில், காற்று வரும் பக்கமாகக் கட்டினார். கொப்புகளைப் பிளந்து தரச் சொன்னார். குவிக்க விடவில்லை, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினார். "தரையில கிடந்தா எதுவும் காயாது. அடியால காத்துப் போகணும். வெயில் இல்லாட்டியும் காத்து காயவச்சிரும்" என்றார். கருவாட்டில் படித்த பாடம்.

உடனே காய்ந்துவிடவில்லை. மெல்லிய குச்சிகள் முதலில் பற்றின, அப்புறம் மற்றவை. லொறி திரும்பிப் போன பிறகுதான் புகையில்லாமல் முதல் தேத்தண்ணி கொதித்தது. அதை அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்னும் குறையாக இருக்கிறது.

ஏன் நேரே அடுப்படிக்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, 2004 சுனாமிக்குப் பிறகு தாங்களும் பாடசாலையில்தான் கிடந்ததாகச் சொன்னார். "சாப்பாடு ஆரும் தருவாங்க. ஈரம்தான் எங்களக் கொன்னுபோட்டுது." இதைச் சொல்லிவிட்டுக் கொழுந்தைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். தேயிலைச் செடியை அதுவரை பக்கத்தில் நின்று பார்த்ததில்லையாம். கடலும் மலையும்தான் வேறு. தண்ணீர் எடுப்பது, விறகு சேர்ப்பது, வானத்தைப் பார்த்துத் துணி போடுவது என்று அவருக்கும் எங்களுக்கும் விடிந்தால் ஒரே வேலைதான்.

நாங்கள் சில பெண்கள் கூடி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். எங்கே வீடு கிடைத்தாலும், ஐப்பசி மழைக்கு முந்தி, தனியாக இருக்கும் ஆச்சிமார் வீட்டில்தான் முதலில் விறகு ஏற்றுவோம். வீடுகளுக்கு மேலே உள்ள கான்களை (வடிகால்களை) அடைபடாமல் நாங்களே துப்புரவு செய்வோம். ஒரு மழைமானி வைத்து, எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் அந்தப் பொறுப்பைக் கொடுப்போம். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவு. அது வரும் வரைக்கும்கூட இருக்க மாட்டோம். நிலம் வெடித்தாலோ, பீலியில் வரும் ஊற்றுத் தண்ணி திடீரென்று கலங்கினாலோ பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவோம். 2014 இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் போனவர்களுக்காக அழுதவர்கள் நாங்கள். இனி அழுவதோடு நிற்க மாட்டோம்.

அக்கா, உங்கள் கையில் போன் இல்லை என்றீர்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாராவது இதை வாசித்துக் காட்டுவார்கள் என்று நம்புகிறேன். கச்சான் காற்றுக் காலத்தில் வாடியில் (கடற்கரைக் கொட்டிலில்) ஆள் போதாது என்று சொன்னீர்களே. பாதை சரியானதும் பதுளையில் பஸ் ஏறி வருகிறோம். மாமியும் வருகிறார், அவர் கடலைப் பார்த்ததில்லை. தேயிலைத்தூள் கொண்டுவருவோம். நாங்கள் விருந்துக்கு வரவில்லை அக்கா. உங்களோடு நின்று கருவாடு காயப்போட்டுத் தந்துவிட்டுத்தான் திரும்புவோம்.