குட்டை சேஜ்பிரஷ் சவலைச் செடி இல்லைங்க: பி.எல்.எம் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்காவோட மேற்கு மாநிலங்கள்ல பொது நிலத்தைப் பாத்துக்கிற பியூரோ ஆஃப் லேண்ட் மேனேஜ்மெண்ட் (பி.எல்.எம்) ஆபீசர்களுக்கு வணக்கம்.

தமிழ்ல எழுதினா நீங்க எங்க படிக்கப்போறீங்க, ஆனா ஐடஹோ, நெவாடா பக்கம் நம்ம ஆளுங்களும் இருக்காங்க, பப்ளிக் கமெண்ட் போடுற, அதாவது உங்க திட்டத்துக்குக் கருத்து சொல்ற உரிமை அவங்களுக்கும் இருக்குல்ல.

விஷயம் குட்டை சேஜ்பிரஷ் பத்தி, அந்தப் பக்கத்து வறண்ட நிலத்துல வளர்ற ஒரு புதர்ச்செடி, இங்கிலீஷ்ல லோ சேஜ்பிரஷ், அறிவியல் பேரு ஆர்ட்டிமீசியா ஆர்பஸ்குலா. நம்ம மரிக்கொழுந்துக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், இலையைக் கசக்கினா காரமா ஒரு வாசனை அடிக்கும். சாம்பல் பூத்த குட்டி இலை, நுனியில மூணு பல்லு, செடி 20லேர்ந்து 50 செ.மீ. தான், முழங்காலைத் தொட்டாலே பெரிசு. இதைப் பாக்குறவங்க பெரிய சேஜ்பிரஷ்தான் சத்தில்லாம சவலையா நிக்குதுன்னு நினைச்சிடுறாங்க. அதெல்லாம் இல்லைங்க, இது தனி இனம், இதுக்குன்னு தனி மண்ணு.

ஒரு மண்வெட்டி எடுத்துட்டுப் போய் தோண்டிப் பாருங்க, மேல கொஞ்சம் கல்லும் மண்ணும், ஒரு அடி போறதுக்குள்ள கெட்டிக் களி இல்லேன்னா பாறை. பனி உருகுற சமயத்துல தண்ணி கீழ இறங்க வழியில்லாம அப்படியே தேங்கி ஷூவைப் புடிச்சு இழுக்கும், கோடை வந்தா அதே மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். ஆழமா வேர் விடுற பெரிய சேஜ்பிரஷ் இங்க தாக்குப்புடிக்காது, இது புடிக்குது.

முன்னாடியெல்லாம் செடிக்குச் செடி வெறும் தரையா இருந்ததால காட்டுத்தீ இங்க வந்தா பத்த ஒண்ணுமில்லாம அடங்கிடும். இப்போ அந்த இடைவெளியில சீட்கிராஸ், மெடுசாஹெட்னு வெளியிலேர்ந்து வந்த புல்லு புகுந்துடுச்சு, அதுலயும் மெடுசாஹெட்டுக்குக் களிமண்ணுன்னா கொண்டாட்டம், காஞ்ச சருகு லேசுல மக்கவும் மக்காது. தீ வந்தா நிக்காம ஓடுது. எரிஞ்ச குட்டை சேஜ்பிரஷ் அடியிலேர்ந்து திரும்பத் துளிர்க்காது, விதையும் தாய்ச்செடி காலடியிலயேதான் விழும், அப்போ நடுவுல எரிஞ்ச இடத்துக்கு யார் கொண்டுபோய் போடுறது?

சேஜ் க்ரௌஸ் பறவைக்காக 2015ல அவ்ளோ பெரிய திட்டமெல்லாம் போட்டீங்களே, அந்தப் பறவைக்குக் குளிர்காலம் பூரா சேஜ்பிரஷ் இலைதான் சோறு, காத்து பனியை வாரிட்டுப்போற மேட்டுல இந்தக் குட்டைச் செடியைத் தேடித்தான் வரும். வசந்தத்துல சேவலுங்க நெஞ்சை உப்பிக்கிட்டு ஆடுறதும் நிறைய இடத்துல இந்த மாதிரி தாழ்ந்த, திறந்த தரையிலதான்.

அதனால கேக்குறது இதான். எரிஞ்ச நிலத்துல விதை தூவுறதுக்கு முன்னாடி மண்ணைத் தோண்டிப் பாருங்க, மார்க்கெட்ல ஈஸியா கிடைக்குதுன்னு பெரிய சேஜ்பிரஷ் விதையையே எல்லா இடத்துக்கும் கொட்டாதீங்க, காசுக்குப் புடிச்ச கேடு. ஈரம் காயுற வரைக்கும் மாடுங்களை உள்ள விடாதீங்க, அந்தச் சேத்துல குளம்பு பட்டா மண்ணு இறுகிப்போயிடும். ஐடஹோ தலைநகர் பாய்சியில இருக்கிற உங்க விதை குடோன்ல இதுக்குன்னு தனியா இடம் ஒதுக்குங்க. விதை அக்டோபர், நவம்பர் வாக்குலதான் முத்தும், கொஞ்ச நாள்ல கொட்டியும் போயிடும், அதனால பொறுக்குற காண்ட்ராக்டை கோடையிலயே முடிச்சு வைங்க.

இப்படிக்கு,
பாய்சி பக்கம் குடியிருக்கிற ஒரு செடிப் பைத்தியம்