லாக் புக்கின் கடைசிக் கட்டம்: கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் மருத்துவ, செவிலியர் கல்லூரிகளை நடத்தும் முதல்வர்களுக்கும், வார்டில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

பிராக்டிகல் தேர்வு நெருங்கும் வாரத்தில் துறை அலுவலகங்களில், மாணவர் செய்து பழகிய வேலைகளைப் பதியும் லாக் புக் மலை குவியும். உதவிப் பேராசிரியர் பேனாவைத் திறந்து பக்கத்துக்குப் பக்கம் முதலெழுத்துப் போட்டுக்கொண்டே போவார். மாணவர் பக்கத்தில் நின்று தாளைப் புரட்டிக் கொடுப்பார். ஆறு மாத வார்டுப் பயிற்சி (போஸ்டிங்) அரை மணியில் முடிந்துவிடும். அந்த மலையைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

2019 ஆகஸ்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து திறன் சார்ந்த பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கென வகுத்த லாக் புக் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். திறனின் எண், செய்த வேலை, தேதி. முதல் முயற்சி என்றால் எஃப், மறுமுயற்சி என்றால் ஆர். எதிர்பார்த்த அளவுக்குக் கீழே என்றால் பி, எட்டியிருந்தால் எம், தாண்டியிருந்தால் இ. பிறகு ஆசிரியரின் முடிவு: முடித்துவிட்டாரா, திரும்பச் செய்ய வேண்டுமா, தனிப்பயிற்சி வேண்டுமா. ஆசிரியர் கையெழுத்து. இத்தனைக்கும் பிறகு ஒரு சின்னக் கட்டம், பின்னூட்டம் பெற்றுக்கொண்டதாக மாணவர் போட வேண்டிய கையெழுத்து. அந்தப் பக்கத்திலேயே உயிருள்ள கட்டம் அதுதான் என்பது எங்கள் எண்ணம். அதிகம் பொய் எழுதப்படும் கட்டமும் அதுதான்.

உங்கள் கல்லூரியில் ஏதாவது 20 லாக் புக்கைக் கண்ணை மூடிக்கொண்டு உருவிப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை எஃப், எம், முடிந்தது. எஃப், எம், முடிந்தது என்றே இருந்தால், அந்த வகுப்பில் ஒருவருக்குக்கூட முதல் தடவை கை தடுமாறவில்லை என்று ஆகிறது. நரம்பில் ஊசி ஏற்றிய எவரும் இதை நம்ப மாட்டார்கள். நடந்தது வேறு: யாரும் பார்க்கவில்லை.

வார்டில் நாம் மாணவர் சொல்வதைக் கேட்கிறோம், செய்வதைப் பார்ப்பதில்லை. கேஸ் பிரசன்டேஷனில் மாணவர் நோயாளியின் வரலாற்றைச் சொல்வார், பி.பி. 120/80 என்பார், மூச்சு நிமிடத்துக்கு 18 என்பார். நாம் அங்கிருந்து மண்ணீரல் வீக்கத்துக்குப் பத்துக் காரணம் கேட்கத் தாவிவிடுவோம். அந்த 120/80 எப்படி வந்தது என்று கேட்பவர் குறைவு.

எப்படி வர வேண்டும்? நோயாளி ஐந்து நிமிடமாவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம், கால் தரையில், காலுக்கு மேல் கால் போடாமல், கை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல். கை தொங்கினால் அளவு கூடும். கைப்பட்டையின் உள்ளே இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தைச் சுற்ற வேண்டும், அகலம் 40 சதவீதம் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைச் சுற்றினால் இல்லாத ரத்தக்கொதிப்பு தெரியும். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே. முதலில் ஸ்டெதாஸ்கோப் வேண்டாம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு காற்றை ஏற்றி, நாடி மறையும் அளவைக் குறிக்க வேண்டும். அடுத்த முறை அதற்கு 30 மி.மீ. மேலே ஏற்றி, நொடிக்கு இரண்டு மி.மீ. வேகத்தில் இறக்கிக் கேட்க வேண்டும். நாடி பார்க்கும் படியைத் தாண்டினால், சிலருக்கு இடையில் சத்தம் நின்று மறுபடி தொடங்கும் இடைவெளியில் ஏமாந்து, 190 இருப்பவருக்கு 150 என்று எழுத நேரும்.

நம் ஊரில் அடிக்கடி நடப்பது இன்னொன்று. ஓ.பி.யில் கூட்டம். பெண்களின் இறுக்கமான ரவிக்கைக் கையை மேலே சுருட்டிவிட்டு, அதற்குக் கீழே பட்டையைக் கட்டுவார்கள். சுருட்டிய துணியே கயிறு போலக் கையை நெரிக்கும், அளவு கெட்டுவிடும். எந்தப் பாடப்புத்தகத்திலும் ரவிக்கை இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கும் ஆசிரியர்தான் இதைச் சொல்ல முடியும்.

இரண்டு மி.மீ. இடைவெளியில் கோடு போட்ட கருவியில் பார்த்தால் கடைசி எண் 0, 2, 4, 6, 8 என எல்லாமும் வர வேண்டும். ஒரு வார்டின் கேஸ் ஷீட் முழுக்க 0 மட்டுமே இருந்தால், அளந்தவர் தோராயமாக எழுதியிருக்கிறார். 136 என்பது 140 ஆகும்போது ஒருவர் வாழ்நாள் முழுக்க மாத்திரைக்குள் போகலாம்.

மூச்சு எண்ணிக்கையில் நிலைமை இன்னும் மோசம். எல்லாருக்கும் 18, இல்லாவிட்டால் 20. முழுசாக 60 நொடி எண்ண வேண்டியதை யாரும் எண்ணுவதில்லை. குழந்தைகள் வார்டில் இது விளையாட்டில்லை. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ வேக மூச்சு. நிமோனியாவா என்று பார்க்க வேண்டும். அழுகிற குழந்தையிடம் 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால், ஒன்று பிசகினாலே நான்கு பிசகும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு யூனிட்டில் 15 மாணவர், நான்கு வாரப் போஸ்டிங், வாரத்துக்கு ஆறு நாள், ஆக 24 நாள். ஆசிரியர்களில் இருவர் ஆளுக்கு, நாளுக்கு ஒரே ஒரு மாணவரை, ஒரே ஒரு வேலை செய்யும்போது, பத்து நிமிடம் வாய் திறக்காமல் பார்த்து, ஐந்து நிமிடம் பேசினால் 48 முறை ஆகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று முறை. ஆசிரியருக்கு நாளுக்கு 15 நிமிடச் செலவு. ரவுண்ட்ஸ் முடிந்து கேன்டீனில் டீ குடிக்கும் நேரம் அதைவிடக் கூடுதல் (டீயை நிறுத்தச் சொல்லவில்லை).

முழு வரலாறும் முழுப் பரிசோதனையும் பார்க்க வேண்டாம். சர்க்கரை நோயாளியின் காலைப் பார்ப்பது, இன்ஹேலர் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பது, டிஸ்சார்ஜ் மாத்திரையை விளக்குவது எனத் துண்டு வேலை ஒன்று போதும். பார்க்கும்போது குறுக்கே பேசக் கூடாது. நோயாளிக்கு ஆபத்து வந்தால் மட்டும் கையை நீட்டலாம். நம்மில் பலருக்குக் கடினம் இதுதான்.

அடுத்த ஐந்து நிமிடத்தை நோயாளியின் கட்டிலருகே வைக்காதீர்கள். நோயாளி முன்னால் திட்டினால் மாணவர் கற்பது ஒன்றுதான்: அடுத்த முறை தெரியாததை மறைக்க. வராந்தாவுக்கு வாருங்கள். முதலில் அவரைக் கேளுங்கள்: எது சரியாக வந்தது, எந்த இடத்தில் இடித்தது? நம் பிள்ளைகள் முதல் இரண்டு தடவை "சரிங்க சார்" என்பதற்கு மேல் பேச மாட்டார்கள்; காத்திருங்கள். "நல்லா பண்ணின" என்பது பின்னூட்டம் ஆகாது, "என்னத்தப் படிச்ச?" என்பதும் ஆகாது. "நரம்பில் ஏற்றும் கேனுலாக் குழாயில் ரத்தம் தெரிந்ததும் ஊசியின் சாய்வைத் தாழ்த்தாமல் அதே கோணத்தில் தள்ளினீர்கள், அதனால்தான் நரம்பின் பின்சுவர் குத்துப்பட்டது. நாளை தாழ்த்திவிட்டு இரண்டு மி.மீ. நகர்த்தி, பிறகு குழாயை மட்டும் தள்ளுங்கள்" என்பது பின்னூட்டம். நடந்தது, காரணம், நாளைக்குச் செய்ய வேண்டியது மூன்றும் அதில் இருக்கின்றன. அதன் பிறகு மாணவர் அந்தக் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போடட்டும், அன்றைக்கே, அங்கேயே.

ஆஸ்கி தேர்வு (மாணவர் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய் ஒவ்வொரு வேலையாகச் செய்துகாட்டும் தேர்வு) வைப்பதால் இதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 1975இல் ஹார்டனும் சகாக்களும் டண்டீயில் அதை வடிவமைத்தது, மாணவர் செய்வதைப் பார்ப்பதற்காக. நம்மிடம் அது ஒப்பிப்பாக மாறிவருகிறது. "நான் கை கழுவுகிறேன்" என்று மாணவர் வாயால் சொல்கிறார், தேர்வாளர் மதிப்பெண் போடுகிறார். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி, ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 நொடி. சொல்லால் கழுவிய கையில் கிருமி அப்படியே இருக்கும். அந்த ஸ்டேஷனில் ஒரு பாட்டில் வைத்து, தேய்த்தால்தான் மதிப்பெண் என்று அறிவிக்க ஒரு சுற்றறிக்கை போதும்.

மொழி. இந்தப் பக்கக் கல்லூரிகளில் கேரளத்திலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் பிள்ளைகள் படிக்கிறார்கள். தொடக்கப் பயிற்சியில் உள்ளூர் மொழி கற்றுத்தர வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. பல இடங்களில் அது "உங்கள் பெயர் என்ன" என்பதோடு நின்றுவிடுகிறது. வார்டுத் தமிழ் வேறு. தமிழ்ப் பிள்ளைகளும் இதில் தடுக்கி விழுகிறார்கள். "மயக்கமா வருது" என்றால் தலை சுற்றலாகவும் இருக்கலாம், கண் இருட்டுவதாகவும் இருக்கலாம், நினைவு தப்பியதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் வேறு வேறு பரிசோதனை. "இழுப்பு" என்றால் பெரும்பாலும் மூச்சிரைப்பு. "கை கால் இழுத்துக்கிச்சு" என்றால் வலிப்பா பக்கவாதமா என்று கேட்டுத்தான் தெரிய வேண்டும். "நெஞ்சுல வாயு புடிச்சிருக்கு" என்று சொல்லி வருபவருக்கு இ.சி.ஜி. எடுக்காமல் ஜெலுசில் கொடுத்து அனுப்புவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "வீட்டுக்குத் தூரம்", "முழுகாம இருக்கா" என்பவை புரியாமல் மகப்பேறு ஓ.பி.யில் உட்காருவது வீண். ஒவ்வொரு துறையும் தன் வார்டில் நோயாளிகள் சொல்லும் 50 சொற்களைத் தொகுத்து, எதிரே கேட்க வேண்டிய அடுத்த கேள்வியையும் எழுதி ஒட்டினால் போதும். தொகுக்கச் சரியான ஆள் பேராசிரியர் அல்ல, வார்டு சிஸ்டர்.

சிஸ்டர் என்றதும் சொல்லிவிடுகிறோம். ஊசி போடுவது, கத்தீட்டர் வைப்பது, மருந்து கரைப்பது, புண் கட்டுவது ஆகியவற்றில் மாணவரின் கையை அதிகம் பார்ப்பவர் பணியில் இருக்கும் ஸ்டாஃப் நர்ஸ். அவருடைய குறிப்புக்கு லாக் புக்கில் இடம் கொடுங்கள். முடிவு ஆசிரியருடையதாகவே இருக்கட்டும். பார்த்தவர் பெயரும் பக்கத்தில் வரட்டும். ஒரே வார்டில் நிற்கும் நர்சிங் மாணவிக்கும் மருத்துவ மாணவருக்கும் பேச்சே கிடையாது என்பதையும் கவனியுங்கள். நாளைக்கு நள்ளிரவில் போனில் "சார், கேஸ் கொஞ்சம் சரியில்ல" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் "பாத்துக்குங்க" என்று வைத்துவிடுவது இங்கேதான் தொடங்குகிறது. யார், எதற்குச் சேர்ந்தவர், இப்போது என்ன அளவுகள், எனக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்ற நான்கையும் வரிசையாகச் சொல்ல இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பழக்குங்கள்.

கடலூர் மாவட்டம் நெல்லும் கரும்பும் விளையும் பூமி. பாம்புக்கடி வராத மாதம் அபூர்வம். கடிபட்டவரின் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனையைப் பயிற்சி மருத்துவரான ஹவுஸ் சர்ஜன்தான் செய்கிறார். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய், சிரையிலிருந்து இரண்டு மி.லி. ரத்தம், 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். தவறுவது எங்கே? சோப்புத்தூளால் கழுவிய குழாயும் பிளாஸ்டிக் குழாயும் உறையும் ரத்தத்தையும் உறையாததாகக் காட்டலாம். ஏழாவது நிமிடத்தில் ஆட்டிப் பார்த்தாலும் சோதனை கெட்டது. லாக் புக்கில் "செய்தார்" என்று மட்டும் இருந்தால் இதில் எதுவும் தெரியாது.

நோயாளிக்குப் போட்ட ஊசியைத் தவறித் தங்கள் கையில் குத்திக்கொண்ட மாணவர்கள் சொல்லப் பயப்படுகிறார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. இரவில் யாரிடம் போவது என்று ஒவ்வொரு வார்டுச் சுவரிலும் எழுதி வையுங்கள். திட்டு விழாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அனுபவக் குறிப்பு எழுதச் சொல்கிறோமே, அது வாட்ஸ்அப்பில் சீனியர் அனுப்பிய பி.டி.எஃப். வழியாக வருடா வருடம் சுற்றுகிறது. மதிப்பெண் போடுவதுதான் காரணம் என்று நினைக்கிறோம். என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன என்று மூன்றே கேள்வி, அரைப் பக்கம், கையெழுத்தில், தமிழில் எழுதினாலும் சரி, மதிப்பெண் இல்லை, படித்துவிட்டு ஆசிரியர் ஒரு வரி எழுதித் திருப்பித் தரட்டும். தமிழில் எழுத விட்டால் பிள்ளைகள் எவ்வளவு உண்மை பேசுகிறார்கள் என்று பார்ப்பீர்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கியது 1823இல். அதன் வழிவந்த ஜிப்மரில், மருத்துவ ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும் கலையைப் பயிற்றும் தேசிய மையம் 1970களிலேயே வந்துவிட்டது. ஆகவே எப்படிச் செய்வது என்று தெரியாது எனச் சொல்ல இந்த ஊருக்கு வழியில்லை.

எங்கள் வேண்டுகோள் பெரிதில்லை. அடுத்த போஸ்டிங் தொடங்கும் திங்கட்கிழமையிலிருந்து, மொத்தமாகக் கையெழுத்துப் போடுவதை நிறுத்தச் சொல்லி ஓர் உத்தரவு. வேலை நடந்து மூன்று நாளுக்குள் கையெழுத்தாகாத வரி செல்லாது என்று ஒரு விதி. மறுமுயற்சிக்கான ஆர் விழுந்தால் அது மாணவருக்கு இழுக்கல்ல என்று முதல் நாளே முதல்வர் வாயால் ஒரு சொல். மாதக் கடைசியில் துறைத் தலைவர் பத்து லாக் புக்கை உருவி, எத்தனை பக்கத்தில் ஆர் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். ஒன்றுமே இல்லாத துறையின் தலைவரிடம், அந்த மாதம் மாணவர்கள் வேலை செய்வதை யார் பார்த்தார்கள் என்று நீங்கள் கேளுங்கள்.

இப்படிக்கு,
புதுச்சேரி, கடலூர் வட்டாரத்து மருத்துவ, செவிலியர் கல்வி ஆசிரியர்கள் சிலர்