எதிரிக்கு அனுப்பிய துலிப் கிழங்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிராமப்புறப் பிரபுக்கள் போட்ட தோட்டங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். கத்தரித்த வேலிகள், நீரூற்றுகள், சிலைகள் எல்லாம் வந்திருந்தன. சரி, ஆனால் அந்தஸ்தைக் காட்டத்தான் அவர்கள் தோட்டம் போட்டார்கள் என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேல்ஸின் எல்லையோரம் பெட்டிஸ்ஃபீல்டில் வாழ்ந்த சர் தாமஸ் ஹான்மர் மன்னர் முதலாம் சார்லஸின் அரண்மனையில் இருந்தவர். உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் தோற்றது. பிரான்சுக்குப் போய்விட்டுப் பிறகு ஊர் திரும்பிய அவர், தோட்டத்தில் மூழ்கிவிட்டார். 'அகேட் ஹான்மர்' என்று அவர் பெயரிலேயே ஒரு துலிப் இருந்தது. வெளிர் ஊதா, கருஞ்சிவப்பு, தூய வெள்ளை மூன்றும் கலந்த பூ. இப்படிப்பட்ட வரிப்பூவை விதை போட்டு எடுக்க முடியாது. விதைச்செடி பூக்கவே ஐந்தாறு வருஷம் ஆகும், நிறமும் மாறிவிடும். தாய்க்கிழங்கு பக்கத்தில் விடுகிற குட்டிகளைப் பிரித்து நட்டால்தான் உண்டு. அதுவும் வருஷத்துக்கு ஒன்றிரண்டுதான் கிடைக்கும். அதனால் தாய்க்கிழங்கையே யாரும் லேசில் கொடுத்துவிட மாட்டார்கள்.

1655இல் ஹான்மர் அதைக் கொடுத்தார். நன்றாகப் பெருத்த ஒரு தாய்க்கிழங்கு, ஜான் லாம்பர்ட்டுக்குப் போனது. மன்னரை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றப் படையின் முன்னணித் தளபதி இந்த லாம்பர்ட்! அப்போது விம்பிள்டனில் அவரும் துலிப் பித்துப் பிடித்துக் கிடந்தார். 'பொன் துலிப் வீரர்' என்று சீட்டுக்கட்டில் படம் போட்டு அவரைக் கேலி செய்திருக்கிறார்கள். நாட்டையே இரண்டாகப் பிளந்த போருக்குப் பிறகு இரு தரப்பையும் ஒரு செடி பேச வைத்தது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஹான்மர் தன் தோட்ட அனுபவத்தை 1659இல் நூலாக எழுதி முடித்தார். அது அச்சேறியது 1933இல்தான். பெருமைக்காகச் செய்தவர் கையெழுத்துப்படியை அப்படியே வைத்திருப்பாரா?

இன்னொரு குறையும் உண்டு. கட்டுரையில் பெண்களே இல்லை. யார்க்‌ஷயர் பாதிரியார் வில்லியம் லாசன் 1618இல் பழத்தோட்டத்தைப் பற்றி வெளியிட்ட நூலில், இல்லத்தரசிகளின் தோட்டத்துக்கென்றே தனிப் பகுதி வைத்தார். காய்கறியும் மூலிகையும் அவர்கள் பொறுப்பில் இருந்தன. அந்த அழகான பாத்திகளில் குனிந்து களை பறித்ததும் பெரும்பாலும் பெண்கள்தான், அதுவும் ஆண்களைவிடக் குறைந்த கூலிக்கு. அப்புறம், மாளிகைக்குப் பின்னால் இருந்த பழத்தோட்டம், ஒட்டுக்கட்டும் வேலை இதெல்லாமும் விடுபட்டுவிட்டது. கட்டுரையாளர் இவற்றையும் சேர்த்து இன்னொரு கட்டுரை எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், தஞ்சாவூர்