பேய் வரும்வரை காத்திருக்க விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழில் வரும் பட விமர்சனங்களை விடாமல் படிக்கிறவன் நான். திருபுவனத்தில் பட்டு நெய்கிறேன். பகல் முழுக்கத் தறியில் போய்விடும். ராத்திரி சாப்பாடு ஆனதும் மகன் போட்டுக் கொடுக்கிற படத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்போம். கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் பேய்ப்படங்கள்தான் ஓடுகின்றன. பார்த்ததில் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

'பூதகாலம்' 2022-ல் வந்த மலையாளப் படம். எங்களுக்கு இப்போதுதான் பார்க்க வாய்த்தது. ஒரு வீடு, ஓர் அம்மா, ஒரு மகன். பாட்டி இறந்த பிறகு மகனுக்கு என்னென்னவோ கேட்கிறது, தெரிகிறது. பையனுக்கு மனநிலை சரியில்லையா, வீட்டில்தான் ஏதாவது இருக்கிறதா என்று வெகுநேரம் பிடிபடவே இல்லை. மகன் சொல்வதை நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல் அம்மாவாக வரும் ரேவதி தவிப்பதைப் பார்க்கும்போது அடிவயிறு கலங்குகிறது. முடிவு நெருங்கும்வரை நாம் பார்ப்பதெல்லாம் இருட்டும் மூடிய கதவும்தான். படம் முடிந்து கொல்லைப்பக்கம் போன என் மனைவி, போன வேகத்தில் திரும்பி வந்து, "ஏங்க, கொஞ்சம் கூட வாங்களேன்" என்றாள். முப்பது வருஷமாக அந்தக் கொல்லைக்குத் தனியாகப் போய்வருகிறவள் அவள். பேய் ஓடிவந்து கத்தியிருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது.

அதே இயக்குநர் ராகுல் சதாசிவன் 2024-ல் எடுத்த 'பிரமயுகம்' முழுக்கக் கறுப்பு வெள்ளை. மம்முட்டியோடு பகடை ஆடித் தோற்கிற பாணன் பொன்னையோ பொருளையோ இழக்கவில்லை. தன் காலத்தை இழக்கிறான், அந்த மனையைவிட்டு வெளியேற முடியாமல் போகிறான். மறுநாள் தறியில் உட்கார்ந்தபோதும் அந்தப் பகடை உருளும் காட்சி மனதைவிட்டுப் போகவில்லை.

அமேசான் பிரைமில் 'இன்ஸ்பெக்டர் ரிஷி' தொடரும் பார்த்தோம். காட்டில் கிடைக்கிற பிணங்களைச் சுற்றி நூல் நூலாகக் கூடு கட்டியிருக்கும். மற்றவர்களுக்கு அது எப்படி இருந்ததோ, பட்டு நூலிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. புழு உள்ளே இருக்கும்போதே கூட்டை வெந்நீரில் போட்டுத்தான் எங்கள் நூலை எடுக்கிறார்கள். அந்தக் கூட்டுக்குள் ஒரு மனிதனை வைத்துக் காட்டியதும் அன்றைக்குக் கையிலிருந்த பாவு நூலைத் தொடவே ஒரு மாதிரி இருந்தது. நல்ல தொடர். ஆனால் பத்துப் பாகத்தையும் இரண்டே ராத்திரியில் முடித்துவிட்டோம். பயந்தபடி படுக்க ஓர் இரவுகூடக் கிடைக்கவில்லை. 1997-ல் சன் டிவியில் 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' வந்தபோது வாரத்துக்கு ஒரு நாள்தான். அடுத்த வாரம்வரை தறிக்குத் தறி அதே பேச்சு. குதிரையில் வருவது யார் என்று ஆளுக்கொன்று சொல்வோம். தெருவிளக்கு இல்லாத சந்தில் சைக்கிளை மிதிப்பவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே போவார்கள்.

என் மனக்குறை இதுதான். நம் தமிழில் இப்போது வருகிற பல பேய்ப்படங்கள் நம்மைக் காத்திருக்கவே விடுவதில்லை. சமீபத்தில் கும்பகோணத்தில் ஒரு தியேட்டரில் பேரனோடு ஒரு படம் பார்த்தேன். படத்தின் பெயர் வேண்டாம். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் காது கிழிகிற மாதிரி ஒரு சத்தம், உடனே ஒரு காமெடி. பேரன் கண்ணைத் திறந்தபடியே காதைப் பொத்திக்கொண்டிருந்தான். அது பயமா ஐயா? நமக்கு எடுக்கத் தெரியாமல் இல்லை. 'யாவரும் நலம்' படத்தில் பேய் வந்தது பெண்கள் நடுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற மத்தியான சீரியலில்தானே! 'டிமான்ட்டி காலனி' முதல் பாகத்தில் நான்கு பையன்களையும் ஓர் அறையையும் வைத்தே நம்மைக் கட்டிப்போட்டார்கள்.

எங்கள் ஊர்ச் சாமிக்கு நடுக்கம் தீர்த்த பெருமான் என்று பெயர். அந்தணரைக் கொன்ற பாவம் பிரம்மஹத்தி என்ற பேயாகப் பிடித்த வரகுண பாண்டியனின் நடுக்கத்தைத் தீர்த்தவர் என்பார்கள். அந்தப் பிரம்மஹத்தி இன்னும் பக்கத்துத் திருவிடைமருதூரில்தான் இருக்கிறது. ராஜா கிழக்கு வாசல் வழியாகக் கோயிலுக்குள் போனான், பிரம்மஹத்தியால் உள்ளே வர முடியவில்லை. திரும்பி வரட்டும் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. அவன் மேற்கு வாசல் வழியாகப் போய்விட்டான். நாங்கள் இன்றைக்கும் நுழைந்த வழியாகத் திரும்புவதில்லை. சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிலையைத் தாண்டும்போது அது என்னை ஒன்றும் செய்யாது என்று தெரியும். ஆனாலும் இத்தனை காலமாக ஓர் ஆளுக்காக உட்கார்ந்திருக்கிறதே என்று நினைத்தாலே கை இறுகும்.

இந்தக் கதையை யாராவது நல்ல இயக்குநர் படமாக எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எடுத்தால், கடைசிக் காட்சிவரை அது அந்த வாசலை விட்டு எழுந்திருக்கக் கூடாது.

இப்படிக்கு,
பட்டு நெசவாளர் ஒருவர்,
திருபுவனம், தஞ்சாவூர் மாவட்டம்.