பகடைக்கு வேலை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு சிறுவர் இணைப்பில் விடுமுறைக்கென்று ஒரு பகடைக் கதை விளையாட்டு போட்டிருந்தீர்கள். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் மதில் ஏறப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், ஏறினானா விழுந்தானா என்பதைப் பகடை சொல்லும். எங்கள் வீட்டில் நான்கு பிள்ளைகள் இரண்டு நாள் கைபேசியைத் தொடவில்லை. அதற்கு நன்றி. ஆனால் விதியை எழுதியவர் ஒரு தடவையாவது உட்கார்ந்து உருட்டிப் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம்.

விதி இது: இரண்டு பகடை உருட்டி 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. பாத்திரம் பலசாலி என்றால் 3 கூட்டலாம். கையில் ஆயுதம் இருந்தால் 2. மேட்டில் நின்றால் 1. எல்லாம் சேர்ந்தால் 6 ஆகிறது. இரண்டு பகடையில் எவ்வளவு மோசமாக விழுந்தாலும் 2 வந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அண்ணன் மகன் இரண்டாவது சுற்றிலேயே இதைப் பிடித்துவிட்டான். "அத்தை, நான் பலசாலி, வாளோட மேட்டுல நிக்கிறேன். உருட்டணுமா வேண்டாமா?" என்றான். என்ன பதில் சொல்ல?

நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். பதில் தெரியாவிட்டால் பேனாவை எடுத்துவிடுவேன். இரண்டு பகடை விழ 36 வழிகள். அதில் 8 அல்லது அதற்கு மேல் வருவது 15 வழிகள். ஒன்று கூட்டிக்கொண்டால் 7 வந்தாலே போதும். அது 21 வழிகள். அதாவது முதல் ஒன்று 6 வழிகளைக் கொண்டுவருகிறது. இரண்டாவது ஒன்று 5. அப்புறம் 4, 3, 2, கடைசியில் 1. நூற்றுக்கு 42 ஆக இருந்த வாய்ப்பு ஒரே ஒரு புள்ளியில் 58 ஆகிறது. மூன்று புள்ளியில் 83. வாளும் மேடும் வந்து சேருவதற்கு முன்பே, பலசாலி என்ற ஒரு சொல்லிலேயே ஆட்டம் பாதி முடிந்துவிட்டது.

இந்த 3, 2, 1 எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் மூத்தது. என் அண்ணன் மகனும் அவன் நண்பர்களும் சனிக்கிழமைதோறும் எங்கள் கூடத்தை அடைத்துக்கொண்டு ஆடுவது அதைத்தான். அதில் 20 முகப் பகடை. ஒன்று கூட்டினால் ஒரு முகம், அதாவது நூற்றுக்கு 5, அவ்வளவுதான். எங்கே கூட்டினாலும் அதே 5. அங்கே வாளுக்கு 2 கொடுத்தால் தாங்கும். அதையே எடுத்து ஆறு முகப் பகடையில் வைத்தால் தாங்காது.

அந்த விளையாட்டைத் தயாரிப்பவர்களுக்கும் இந்தத் தலைவலி இருந்திருக்கிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் கூட்டல்களை வகை வகையாகப் பிரித்து, பெரும்பாலும் ஒரே வகை என்றால் பெரியதை மட்டும் எடு, வேறு வகை என்றால் சேர்த்துக்கொள் என்று விதி. வரவு செலவுப் பேரேடு மாதிரி. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பலவற்றை எடுத்துவிட்டு, சாதகம் இருக்கிறதா, 20 முகப் பகடையை இரண்டு தடவை உருட்டி பெரியதை எடுத்துக்கொள் என்று வைத்தார்கள். பையன்கள் இதை 'அட்வான்டேஜ்' என்கிறார்கள். 11 வேண்டுமென்றால் நூற்றுக்கு 50 வாய்ப்பு 75 ஆகிறது. 20தான் வேண்டுமென்றால் 5 இருந்தது 10கூட ஆவதில்லை. இரண்டு தடவையும் கவிழ்த்துவிட வாய்ப்பு இருக்கிறது என்பதால் எல்லோரும் எழுந்து நின்று பார்க்கிறார்கள். கூட்டல் கணக்கும் கிடையாது. எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். மறுநாள் பகடையில் ஒன்று எங்கோ உருண்டு காணாமல் போனது. அம்மா தன் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டையிலும் 1, 2, 3, ஒரு வெறும் முகம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. மொத்தம் 16 வழிகள். முற்றத்தில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து எண்ணினேன். இலக்கு 4 என்றால் 7 வழிகள். ஒன்று கூட்டினால் 11. இரண்டு கூட்டினால் 14. ஆகவே எத்தனை காரணம் சொன்னாலும் கூட்டல் ஒன்றுதான் என்று முடிவு செய்தோம். கழித்தலைத் தூக்கிவிட்டோம். இருட்டுக்கு ஒன்று குறைத்தாலே 7 வழி 4 ஆகிறது. பிள்ளைகள் முகம் தொங்கிப்போகிறது.

இரண்டு கூட்டினால் தோற்கும் அந்த இரண்டு வழிகள் எவை தெரியுமா? தாயம், அதாவது ஒன்று. அம்மாவுக்கு வந்ததே கோபம். "தாயம் விழுந்தா தோல்வியா? எந்த ஊரு நியாயம் இது?" பையன்களோ 20 முகப் பகடையில் 1 விழுந்தால் தலையில் கை வைத்துப் பழகியவர்கள். "அப்பத்தா, ஒண்ணுதான் ரொம்ப மோசம்" என்கிறார்கள். தாயம் போடாமல் காயே உள்ளே இறங்காது என்கிறார் அப்பத்தா. இருபது நிமிடம் ஓடியது. கடைசியில் ஒரு விதி வந்தது: தாயம் விழுந்தால் நினைத்தது நடக்காது, ஆனால் வேறொரு வழி திறக்கும், அது என்னவென்று கதை சொல்பவர் உடனே சொல்ல வேண்டும், ஆடுகிறவர் மறுபடி உருட்டலாம். தாயத்தையும் பன்னிரண்டையும் விழுந்தபடியே பார்க்க வேண்டும். கூட்டல் அதற்குப் பிறகுதான். இல்லையென்றால் தாயத்தோடு ஒன்று சேர்ந்து இரண்டாகி, அதன் மதிப்பே போய்விடுகிறது. இந்த விதிப்படி மதிலிலிருந்து விழுந்த முதல் பையன் வைக்கோற்போரில் விழுந்தான். போருக்குப் பின்னால் கோட்டையின் சின்ன வாசல் இருந்தது. அதைச் சொன்னது அம்மாதான். அதுவரை அவர் ஆட்டத்திலேயே இல்லை.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த இணைப்பில் திருத்தம் போடுங்கள். இலக்கை 8லிருந்து 12க்கு ஏற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். வெறுங்கையோடு நிற்கும் பிள்ளைக்கு அப்போது 36இல் ஒரே வழிதான் மிஞ்சும். இலக்கு 8 இருக்கட்டும், கூட்டலை ஒன்றோடு நிறுத்துங்கள். 36 வழிகளையும் ஒரு கட்டமாகப் போட்டால் இன்னும் நல்லது. பிள்ளைகளே வெட்டி ஒட்டிக்கொள்வார்கள்.

என் அண்ணன் மகன் உங்கள் பழைய விதிப்படி இன்னும் மேட்டில் வாளோடு நிற்கிறான். இறங்கடா என்றால், "பேப்பர்ல திருத்தம் வரட்டும் அத்தை" என்கிறான்.

தங்கள் நெடுநாள் வாசகி,
காரைக்குடி