திருப்பதி கங்கையம்மன் ஜாத்திரையில் தமிழ் அறிவிப்புப் பலகைகள் வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கெங்கையம்மன் பக்தர்கள்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
தாத்தய்யகுண்டா கங்கையம்மன் திருக்கோயில்,
திருப்பதி, ஆந்திரப் பிரதேசம்.

பொருள்: ஜாத்திரை நாட்களில் வேடங்களின் கதையைத் தமிழில் எழுதி வைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வைகாசி முதல் நாளில் எங்கள் ஊரில் அம்மன் சிரசு ஊர்வலம் வரும். மே மாதத்தில் திருப்பதியில் நடைபெறும் கங்கையம்மன் ஜாத்திரைத் திருவிழாவுக்கும் நாங்கள் வருகிறோம். ஏழுமலையானின் தங்கை என்று கங்கம்மாவைத் திருப்பதி மக்கள் கொண்டாடுகிறார்கள்; ஜாத்திரைக்குத் திருமலையிலிருந்து சீர்வரிசை வருகிறது. ஆனாலும் மலைக்கு வரும் தமிழர்கள் பலருக்கு அவளைத் தெரியாது.

கடந்த ஜாத்திரையில், புடவை கட்டிப் பூ முடித்து வேண்டுதல் செலுத்த வந்த ஒரு முதியவரைச் சில இளைஞர்கள் சூழ்ந்துகொண்டு, கேலி பேசிக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். அவர்கள் பேசியது தமிழ். எங்களுக்கு நெஞ்சு கொதித்தது. கதை தெரிந்திருந்தால் அந்தக் கைகள் கும்பிட்டிருக்கும் என்றே நம்புகிறோம்.

ஊர்ப் பெண்களைச் சீரழித்த பாளையக்காரனை அழிக்க, திருப்பதியை அடுத்த அவிலாலா கிராமத்தில் வளர்ந்த கங்கம்மா கிளம்புகிறாள். அவன் ஓடி ஒளிகிறான். நாளுக்கொரு வேடத்தில் தேடுகிறாள்: பைராகி வேடத்துக்கு உடலெங்கும் வெள்ளை, பண்ட வேடத்துக்குக் குங்குமம், தோட்டி வேடத்துக்குக் கரி. ஜாத்திரையில் அதே வேடங்களைப் போடும் பக்தர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவதும் ஒளிந்திருப்பவனை வெளியே இழுக்கத்தான் என்பது ஐதீகம். துரை வேடத்தில் அவள் வந்தபோது, தன் எஜமானன்தான் வந்திருக்கிறான் என்று நம்பி வெளிப்பட்டவனின் தலை உருள்கிறது. மறுநாள் மாதங்கி வேடத்தில் அவன் மனைவியிடமே போய் ஆறுதல் சொல்கிறாள். கொன்றவளே தேற்றவும் போகிறாள். காவல் தெய்வத்தின் கருணைக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? பெண்களை வதைத்தவனை வென்ற தாயின் முன் ஆண்கள் புடவையில் நிற்பதில் கேலிக்கு என்ன இருக்கிறது?

ஆகவே, இந்தக் கதையையும் ஒவ்வொரு நாளின் வேடத்தையும் தமிழில் எழுதிக் கோயில் வாசலிலும், மாநகராட்சி, ரயில்வே அதிகாரிகளின் ஒத்துழைப்புடன் பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் வைக்குமாறு வேண்டுகிறோம். வேடமிட்டவர்களை அனுமதியின்றிப் படம் பிடிக்கக் கூடாது, தொட்டுச் சீண்டக் கூடாது என்று ஒலிபெருக்கியில் தமிழிலும் அறிவிக்க வேண்டும். இறுதி நாள் விடியலில் விஸ்வரூபம் எனப்படும் அம்மனின் பெரிய மண் உருவத்திலிருந்து மண்ணைப் பிரசாதமாகப் பெறக் கூட்டம் முண்டியடிக்கிறது. தெலுங்கு புரியாத முதியவர்களும் அதில் நிற்கிறார்கள். அப்போதும் தமிழ் அறிவிப்பு மிக அவசியம்.

பலகைகளுக்கான தமிழ் வாசகத்தை நாங்களே எழுதித் தருகிறோம். அம்மனின் வேடம் தரிக்கும் கைகால குடும்பத்தாரும் அவிலாலா ஊர்ப் பெரியவர்களும் அதைக் கேட்டுத் திருத்திய பிறகே எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் விருப்பம். எழுதும் செலவையும் ஏற்றுக்கொள்கிறோம். அடுத்த ஜாத்திரையின் தொடக்கத்தை ஊருக்குச் சொல்லும் சாட்டிம்பு அறிவிக்கப்படுவதற்கு முன்பே ஆணை பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடியாத்தம் கெங்கையம்மன் பக்தர்கள்